பிள்ளை பார்க்கும் வீட்டில் பாலன் குடில்

(கீழவைப்பாரில் கூடிய மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கார்த்திகை கழிந்து மார்கழி பிறக்குந் தறுவாயில் நம் கடற்கரைக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு ஓலை வெட்டுவதும், வைக்கோல் தேடுவதும், பரண்மேலிருக்கும் சுரூபப் பெட்டியை இறக்கித் தூசி தட்டுவதுமாகச் சந்தடி தொடங்கிவிடுகிறது. கிறிஸ்து நாதர் பிறந்த திருநாளுக்குக் குடில் கட்டுவது எப்படியென்று நம் பெண்மக்களுக்கு ஒருவரும் போதிக்க வேண்டியதில்லை. நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அதிலும் சிறியது. தம் வீட்டில் தம் பிள்ளைகளோடு பிறர் பிள்ளைகளையும் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் இருக்குமிடத்தில் குடிலும் நட்சத்திரமும் விளக்குமாலையும் வைப்பது தகுமா, தகுமெனில் எவ்விதம் வைப்பது என்பதே இன்று நாம் ஆராயப் புகுந்த விஷயம்.

இதைக் குறித்து நம்மவரிடையே இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சியார், புறமதத்தார் பிள்ளைகள் வருகிற வீட்டில் குடில் எதற்கு, வீண் பேச்சுக்கு இடங்கொடாமல் அந்த ஒரு மாதம் ஒன்றும் வையாதிருப்பதே புத்தி என்கின்றனர். மற்றக் கட்சியார், நம் வீட்டுக்கு வந்த பிள்ளை நம்மோடு முழந்தாளிட்டுக் கும்பிட்டால் குறைந்தா போகும், குடில் முன் எல்லாரையும் வரிசையாய் நிறுத்திப் பாடச் செய்ய வேண்டும் என்கின்றனர். இருதிறத்தாரும் நல்லெண்ணத்தோடுதான் பேசுகின்றனர். ஆயினும் இரண்டும் பொருந்தாதென்பது நமது அபிப்பிராயம்.

முதலில் அந்தப் பிள்ளைகள் யாரென்று பார்ப்போம். நம் ஊர்ப் பெண்களிற் பலர் விடியுமுன் கரைக்குச் சென்று ஏலத்தில் மீனெடுத்து, கூடையோடு உள்நாட்டு ஊர்களுக்குப் பஸ் ஏறுகிறவர்கள். சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்து வைப்பார், வேப்பலோடை முதலிய இடங்களின் உப்பளங்களுக்குச் செல்லும் பெண்களோ, வெயிலுக்கு முன் வேலையை முடிக்க வேண்டி இருட்டோடே புறப்படுகிறவர்கள். ஐப்பசி முதல் அடைமழையால் பாத்திகளில் உப்பு விளையாது. அக்காலத்துக்கென்று 2022-ம் வருஷத்தில் சர்க்கார் உப்பளத் தொழிலாளருக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கத் தொடங்கினர். அது குடும்பத்துக்குப் போதாதாகையால், அப்பெண்கள் மூட்டை பிடிக்கும் கொட்டகைக்கோ, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காடுகளில் களையெடுப்புக்கோ போய்விடுகிறார்கள். ஆகவே மார்கழி மாதத்திலும் அவர்கள் பிள்ளைகளுக்கு ஒரு வீடு வேண்டியிருக்கிறது.

சர்க்கார் அங்கன்வாடி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1975-ம் வருஷம் அக்டோபர் 2-ம் தேதி தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் பயனை நாம் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் அங்கன்வாடியின் கதவு வெயிலேறித் திறக்கிறது. தாயோ இருட்டில் புறப்படுகிறாள். நம் மாகாணத்தில் இரண்டு வயது நிரம்பிய பிள்ளையைத்தான் அங்கே நாள்தோறும் உட்கார்த்தி வைப்பர். அதற்குட்பட்ட கைக்குழந்தைக்குச் சத்துமாவு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவர். இந்த இடைவெளியை நிரப்புகிறவள் யாரெனில், திண்ணையில் பாயை விரித்து, தொட்டில் கட்டி, நாலைந்து பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊட்டுகிற நம் தெருப் பெண்மணிதான். அவளுக்குக் கிடைப்பது சொற்பக் கூலி. சில நாள் அதுவுமின்றி ஒரு படி உளுந்தோ நாலு மிளகாய்ப் பழமோ வரும். அவ்வீட்டுக்கு வருகிற பிள்ளைகளில் நம் ஜாதியாரும் உண்டு, நாடார் பிள்ளைகளும், ஆதிதிராவிடர் பிள்ளைகளும், முகம்மதியர் பிள்ளைகளும் உண்டு.

இத்தகைய இடத்துக்குப் பட்டணத்தார் 'கிரெஷ்' என்று பெயர் சொல்லுகிறார்கள். அச்சொல் பிரெஞ்சு பாஷையைச் சேர்ந்தது. அதற்கு மாட்டுக்குத் தீனியிடும் தொட்டி, அதாவது முன்னணை என்பதே முதற்பொருள். 1844-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் பாரிஸ் நகரத்தில் ஃபிர்மேன் மார்போ என்னும் கனவான், கூலிவேலைக்குப் போகும் ஏழைத் தாய்மாரின் கைக்குழந்தைகளைப் பகற்பொழுதில் வைத்துப் பார்க்க ஒரு சாலை ஏற்படுத்தி, பெத்லேகேமில் பாலகனைக் கிடத்திய முன்னணையை நினைந்து அதற்கு அப்பெயரையே இட்டார். தாய்மார் சிறு தொகை கொடுக்க வேண்டும், பால் குடிக்கும் குழந்தைக்கு நடுவில் வந்து பால் கொடுத்துப் போக வேண்டும் என்பன அங்கே ஏற்பாடு. அந்தப் பாஷையில் இன்றளவும் நாம் கட்டுகிற பாலன் குடிலுக்கும் பிள்ளை பார்க்கும் சாலைக்கும் ஒரே சொல்தான் வழங்குகிறது.

குடில் கட்டும் வழக்கத்தின் ஆதியையும் ஒரு வார்த்தை சொல்லி மேலே செல்வோம். 1223-ம் வருஷத்தில் இத்தாலி தேசத்துக் கிரேச்சியோ என்னும் மலைக்கிராமத்தில் அர்ச். அசீசி பிரான்சிஸ்கு என்பவர் நடுச்சாமப் பூசைக்கு வைக்கோலும் முன்னணையும் அமைத்து, மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, பாலகன் பட்ட வறுமையை ஜனங்களின் கண்முன் காட்டினார். அங்கே மின்விளக்கும் இல்லை, கண்ணாடிக் குண்டும் இல்லை, செயற்கைப் பனியும் இல்லை. (நம் கடற்கரைக்குப் பனிமய மாதா காவலாயிருப்பது உண்மையே, அதற்காகப் பனியே காணாத இவ்வூரில் பஞ்சைப் பிய்த்து ஓலைக் கூரைமேல் ஒட்டுவது எந்தக் கணக்கிலென்று நமக்கு விளங்கவில்லை.)

இனி முதற் கட்சியாரிடம் வருவோம். பிறர் பிள்ளைகள் வருவதனால் நம் வீட்டில் குடில் வையாதிருக்க வேண்டுமென்று சட்டமும் சொல்லவில்லை, வழக்கமும் சொல்லவில்லை. அது வீடு. அவ்வீட்டில் தேவமாதா படமும், பாடுபட்ட சுரூபமும், வாசலில் சிலுவையும் வருஷம் முழுவதும் இருக்கின்றன. பிள்ளையை விடவந்த தாய் அவற்றை முதல் நாளே பார்த்துத்தான் விட்டுப்போனாள். பெட்டியைப் பூட்டி வைத்துவிட்டு இவ்வீட்டில் திருநாளே இல்லாததுபோல் நடிப்பதில் யாருக்கு என்ன லாபம்? வீட்டுக்காரியின் சொந்தப் பிள்ளைகளுக்கு அது ஏமாற்றம். புறத்துப் பிள்ளைகளுக்கோ, தங்களால் இவ்வீட்டில் திருநாள் நின்றுபோயிற்றென்ற சொல் காதில் விழும்; ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது நன்றாக விளங்கும்.

இதைத் திருப்பிப் போட்டும் பாருங்கள். நம் பெண்கள் பலர் தூத்துக்குடியில் குடியேறிக் கம்பெனிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் தங்கள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் வீடு பெரும்பாலும் இந்துக்கள் வீடு. புரட்டாசியில் நவராத்திரி வந்தால் அங்கே படிப்படியாய்க் கொலு வைத்திருப்பார்கள். பிள்ளை பொம்மைகளைப் பார்த்து வாய்பிளந்து நிற்கும். சுண்டலும் வாங்கித் தின்னும். கார்த்திகையில் வாசல் நிறைய அகல் எரியும். நம் பிள்ளை வருகிறதென்பதற்காக அவர்கள் கொலு வையாதிருக்க வேண்டுமென்று நம்மில் யாராவது கேட்போமா? கேட்கமாட்டோம். அதே சமயத்தில், நம்மிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் பிள்ளையின் நெற்றியில் திருநீறு பூசி, கொலுவின்முன் உட்கார்த்திச் சுலோகம் சொல்லப் பழக்கினார்களென்றால் நம் மனம் என்ன பாடுபடும்! மறுநாள் வேறு வீடு தேடமாட்டோமா? பார்ப்பது வேறு, செய்விப்பது வேறு. கொலுவில் நமக்கு இந்த வேற்றுமை தெரிகிறதே, குடிலில் மாத்திரம் தெரியாதிருப்பது எப்படி?

இரண்டாங் கட்சியார் உடனே அர்ச். சவேரியாரைச் சாட்சிக்கு அழைப்பார்கள். 1542-ம் வருஷத்தில் இக்கரைக்கு வந்த அம்மகாத்துமா கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாய்ப் போய்ப் பிள்ளைகளைத் திரட்டித் தமிழில் மந்திரம் படிப்பிக்கவில்லையா என்பர். படிப்பித்தார், 1544-ம் வருஷம் ஜனவரியில் கொச்சியிலிருந்து தம் சபைச் சகோதரருக்கு எழுதிய காகிதத்தில் அதை விவரமாகவே சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் தம் பெற்றோரின் பழைய வழிபாடுகளைக் கண்டித்துத் தம்மிடம் வந்து சொன்னதையும் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியை இக்காலத்தில் வாசிக்கும்போது நமக்கே சற்றுக் கூச்சமாயிருக்கிறது. அது கிடக்க, அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் 1535-ம் வருஷம் முதல் 1537-க்குள் தாமே ஞானஸ்நானம் பெற்ற நம் முன்னோர் என்பதை மறக்கலாகாது. அவர்கள் பிள்ளைகளுக்குப் போதிப்பது அவர்கள் ஏற்றுக்கொண்ட வேதத்தைப் போதிப்பதேயாம். உப்பளத்துக்குப் போகும் தாய் நம்மிடம் ஒப்படைத்தது பிள்ளையின் வயிற்றையும் உடம்பையும். ஆன்மாவை ஒப்படைத்துவிட்டுப் போகவில்லை.

இது நமது சொந்த அபிப்பிராயம் மாத்திரமன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ம் வருஷம் டிசம்பர் 7-ம் தேதி வெளியிட்ட சமய சுதந்திரப் பிரகடனத்தில், பிள்ளைகளுக்கு எவ்விதச் சமயப் போதனை வேண்டுமென்று தங்கள் விசுவாசத்துக்கேற்பத் தீர்மானிக்கும் உரிமை பெற்றோருடையதென்று திருச்சபையே தெளிவாய்க் கூறியிருக்கிறது. அது கத்தோலிக்கப் பெற்றோருக்கு மட்டும் என்று அங்கே எழுதப்படவில்லை. நம் தேசத்து அரசியல் சட்டத்தின் 28-ம் பிரிவும், சர்க்கார் அங்கீகாரமோ உதவிப்பணமோ பெற்ற கல்விச்சாலையில் மைனர் பிள்ளையைச் சமயப் போதனைக்கோ வழிபாட்டுக்கோ உட்படுத்தக் காப்பாளரின் சம்மதம் வேண்டுமென்கிறது. திண்ணைமேல் நடக்கும் நம் வீட்டுக்கு அச்சட்டம் நேரே பொருந்தாதிருக்கலாம். பெரிய பள்ளிக்கூடம் கேட்டுச் செய்ய வேண்டியதைச் சின்னத் திண்ணை கேளாமற் செய்யலாமென்பது மட்டும் நியாயமாகத் தோன்றவில்லை.

நாம் அறிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொன்னால் இதன் பாரம் விளங்கும். ஊரும் பெயரும் வேண்டாம். பிள்ளை பார்க்கும் அம்மையார், எல்லாப் பிள்ளைகளுக்கும் வேஷம் போட்டுக் குடில்முன் நிறுத்தினார். உள்நாட்டு ஊரிலிருந்து களையெடுக்க வந்த ஒரு பெண்ணின் மூன்று வயதுப் பையன் சம்மனசு வேஷத்தில், காகித இறகோடு மிகவும் அழகாயிருந்தான். யாரோ கைபேசியில் படம் பிடித்தார்கள். அது பத்துப்பேர் கை மாறி அந்தப் பெண்ணின் மாமனார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. 'பிள்ளையை வேதத்தில் சேர்த்துவிட்டாயா?' என்று கேள்வி பிறந்தது. மறுநாள் முதல் பையன் வரவில்லை; அவனைப் பார்ப்பாரில்லாமல் தாயும் வேலைக்குப் போகவில்லை. களையெடுப்பு முடியும்வரை அவள் கூலி போயிற்று. இவ்வளவும் ஒரு ஜோடிக் காகித இறகினால்!

அவர்கள் ஏன் இவ்வளவு பதறுகிறார்கள் என்று நம்மவர் கேட்கலாம். காரணம் உண்டு. 1950-ம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவின்படி, பட்டியல் ஜாதியாரென்ற சலுகை இந்துக்களுக்கும், 1956 முதல் சீக்கியருக்கும், 1990 முதல் பௌத்தருக்குமே உரியது. கிறிஸ்தவராகிவிட்டவருக்கு அது கிடையாது. 2024-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு, புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்மணி ஞானஸ்நானம் பெற்று ஆலயத்துக்குப் போய்வருகிறவரென்று கண்டு, அவர் தாம் இந்துவென்று கோரியும் அந்தச் சான்றிதழை மறுத்துத் தீர்ப்புக் கூறியது. அச்சட்டம் நியாயமா என்று நாம் இங்கே வழக்காட வரவில்லை. ஒரு படத்தினால் ஒருவர் ஜாதிச் சான்றிதழ் போய்விடாதென்பதும் நமக்குத் தெரியும். ஆனால் படிப்பும் உத்தியோகமும் அந்த ஒரு காகிதத்தையே நம்பியிருக்கும் குடும்பத்தார், தங்கள் பிள்ளை சம்மனசு வேஷத்தில் நிற்கிற படத்தைக் கண்டு திடுக்கிடுவது அறியாமையன்று. நமக்கு அது திருநாள் வேடிக்கை. அவர்களுக்கு அது தாசில்தார் கச்சேரி விவகாரம்.

ஆகையால், டிசம்பர் முதல் வாரத்திலேயே, பிள்ளையை விட வருகிற ஒவ்வொரு தாயிடமும் வாசலிலே நின்று நாலு வார்த்தை பேசிவிட வேண்டும். 'இந்த மாசம் நாங்கள் குடில் கட்டுவோம், தாயி. பிள்ளை பார்க்கும், தொடும். நாங்கள் செபஞ் சொல்லும் நேரத்தில் அவன் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருப்பான். பாட்டுப் பாட, வேஷம் போட உனக்கு இஷ்டமா? படம் எடுக்கலாமா?' இவ்வளவுதான். வேண்டாமென்றால் முகங்கோணாமல் சரியென்று விடுவது, இஷ்டமென்றால் சந்தோஷம். பெரும்பாலோர் இஷ்டமென்றே சொல்வார்களென்பது நமது அநுபவம். கேட்டுச் செய்வதற்கும் கேளாமற் செய்வதற்கும் உள்ள தூரம் கடலளவு. பார்க்கும் பிள்ளைகளை எவர் படமெடுத்தாலும் வெளியே அனுப்பக்கூடாதென்று வீட்டிலுள்ள வாலிபருக்கும் கண்டிப்பாய்ச் சொல்லிவைக்க வேண்டும். அவர்கள்தாம் முதலில் அனுப்புகிறவர்கள்.

இனிச் சொல்லப்போவது எல்லா மதத்துப் பிள்ளைக்கும் பொது. நம் பெண்கள் இதையே அதிகமாய்க் கவனிக்க வேண்டுமென்று விரும்புகிறோம். குடில் பெரியவர் கண்ணுக்காகக் கட்டப்படுகிறது. பிள்ளை பார்க்கும் வீட்டிலோ அதை நாள் முழுதும் சுற்றித் தவழ்கிறவர்கள் இரண்டு முழ உயரத்துக்குட்பட்டவர்கள். அவர்களுக்குக் கண்ணும் கையும் வாயும் ஒன்றே.

எல்லாவற்றிலும் கொடியது, பொத்தான் போன்ற வட்டப் பாட்டரி. மெழுகுதிரிபோல் மினுக்கும் பிளாஸ்டிக் விளக்கிலும், பாட்டுப் பாடும் வாழ்த்துக் கார்டிலும், கண்சிமிட்டும் நட்சத்திரத்திலும் அது ஒளிந்திருக்கிறது. பிள்ளை அதை விழுங்கித் தொண்டைக்குழலில் சிக்கிக்கொண்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே ஈரத்தோடு சேர்ந்து மின்சாரம் பாய்ந்து குழல் வெந்துபோகும். முதலில் இருமலும் எச்சில் வடிதலும் தவிர வேறொன்றும் தெரியாது. வாந்தியெடுக்கச் செய்யக்கூடாது; பேதியில் போகட்டுமென்று காத்திருக்கவும் கூடாது. சந்தேகம் வந்தவுடனே எக்ஸ்-ரே எடுக்கக்கூடிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இங்கிருந்து வண்டி பிடித்துத் தூத்துக்குடிப் பெரிய ஆஸ்பத்திரி சேருவதற்குள் அந்த இரண்டு மணியில் எவ்வளவு மிஞ்சுமென்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஜாமான் ஒன்றும் பிள்ளை பார்க்கும் வீட்டுக்குள் நுழையவே கூடாதென்பது நமது தீர்மானமான கருத்து.

அடுத்தபடி, நம் நாட்டுச் சரக்கிலேயே விஷம் உண்டு. மண்பொம்மைக்குக் கண்ணாகக் குன்றிமணி பதிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். மேல்தோல் உடையாமல் விழுங்கினால் சில சமயம் தப்பிக்கலாம். மென்றுவிட்டாலோ ஒரு மணியே குழந்தையின் உயிருக்கு மோசம். வாசல் வளைவுக்குச் செவ்வரளிக் கொத்துக் கட்டுவதும் அப்படியே. அரளியின் பூ, இலை, தண்டு யாவும் இருதயத்தைத் தாக்குபவை. அரளிக்குப் பதில் ஓலைத்தோரணமோ மாவிலையோ கட்டினால் திருநாளுக்கு என்ன குறை? தெர்மாகோல் கட்டியை உடைத்தால் உதிரும் வெள்ளை மணிகள் பிள்ளைகளின் மூக்கிலும் காதிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். கண்ணாடிக் குண்டு உடைந்தால் தூள் பாயோடு ஒட்டிக்கொண்டு முழங்காலைக் கிழிக்கும். பரணிலிருக்கும் பழைய சுரூபங்களின் வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும். வீட்டு வர்ணங்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் நம் தேசத்தில் 2017-ம் வருஷம் நவம்பர் முதலே அமலுக்கு வந்தது. பாட்டி காலத்துச் சூசையப்பர் வர்ணம் உரிந்திருந்தால் அவரை உயரத்திலுள்ள பலகையில் எழுந்தருளச் செய்வதே மரியாதை.

பொதுவாக, ஒன்றேகால் அங்குல அகலத்துக்குக் குறைந்த எந்தப் பொருளும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் தொண்டையை அடைக்கக்கூடியது. ஆட்டுக்குட்டிப் பொம்மைகளில் பாதி இந்த அளவில்தான் இருக்கின்றன. விளக்குமாலை தரையோடு இழையக்கூடாது. கை எட்டாத உயரத்தில் ஆணியடித்துக் கட்ட வேண்டும். தொங்குகிற கயிறு கழுத்தில் சுற்றும், உரிந்த கம்பி ஈரக்கையைப் பிடிக்கும். நம் கடற்காற்றின் உப்பில் ஒரு வருஷத்துக்குள்ளேயே அந்த மலிவு மாலைகளின் செப்புக்கம்பி பச்சை பூத்துவிடுகிறது. சென்ற வருஷத்து மாலையை இந்த வருஷம் அப்படியே சொருகாதீர்கள். ஓலைக் குடிலுக்குள் எரிகிற மெழுகுதிரியைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதேயில்லை.

இவ்வளவையும் கேட்டபின், குடிலைக் கயிறு கட்டி அடைத்து 'தொடாதே, தொடாதே' என்று நாள் முழுதும் கத்திக்கொண்டிருப்பதுதான் வழியோ என்று ஒரு தாய் கேட்கலாம். அன்று. இரண்டு குடில் வைத்துவிடுங்கள். சுரூபமும் விளக்குமுள்ள பெரிய குடில் மேடைமேல் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். பிள்ளைகளுக்குப் பாய்மேல் ஒரு சிறு குடில்: பழைய ஓலைப்பெட்டியைக் கவிழ்த்தால் கூரை; துணியில் பஞ்சடைத்துத் தைத்த ஒரு சாண் பொம்மைகள்; கண் நூலால் தைத்தது, பொத்தான் அன்று. அந்தப் பாலகனைப் பிள்ளைகள் தூக்கட்டும், தொட்டிலாட்டட்டும், எச்சில் படுத்தட்டும், கஞ்சி ஊட்டட்டும். சாயங்காலம் சோப்புப் போட்டு அலசிக் கொடியில் காயவையுங்கள். தேவமாதாவும் அப்படித்தானே செய்திருப்பாள்?

பிள்ளைகள் தாமே செய்யக்கூடிய அலங்காரமும் உண்டு. குடிலைச் சுற்றிப் பசும்புல் வேண்டி நம்மவர் கேழ்வரகு விதைப்பது வழக்கம். அதை மூன்று வயதுப் பிள்ளையே விதைக்கும், தினம் காலையில் ஓடிப்போய் முளையைப் பார்க்கும். கரையில் பொறுக்கிய பெரிய சிப்பிகளைக் கழுவி வரிசை வைக்கலாம். பனங்குருத்தில் நட்சத்திரம் முடையத் தெரிந்த பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். நட்சத்திரத்தைப் பற்றி ஒரு செய்தி. பல முனைகளோடு வாசலில் தொங்கும் தாள் நட்சத்திரம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மனி தேசத்து ஹெர்ன்ஹூட் சபையாரின் விடுதிப் பள்ளிகளில் க்ஷேத்திர கணித பாடமாகத் தோன்றியதென்பர். அப்பள்ளியில் இருந்தவர்களில் பலர், தூரதேசங்களுக்கு வேதபோதகராய்ப் போய்விட்டவர்களின் பிள்ளைகள். தாய் தகப்பனைக் காணாமல் திருநாள் கொண்டாடியவர்கள். கடையில் விலைக்கு வரும் நட்சத்திரம் இப்படிப் பிறர் பொறுப்பிலிருந்த பிள்ளைகளின் கையிலிருந்து வந்ததென்பதை நினைக்க நமக்கு மனம் உருகுகிறது.

பலகாரத்தைப் பற்றியும் சிறிது. முகம்மதியர் பிள்ளைக்கு நம் வீட்டு இறைச்சியும், ரம் ஊற்றிய கேக்கும் கொடுக்கக்கூடாதென்பது எல்லாரும் அறிந்ததே. தூத்துக்குடி மக்ரூனில் முட்டை வெள்ளைக்கரு இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சைவக் குடும்பத்துப் பிள்ளைக்கு அது ஆகாது. அச்சுமுறுக்கிலும் சிலர் முட்டை சேர்ப்பதுண்டு. கேட்டுக் கொடுங்கள். முழு முந்திரியும் நிலக்கடலையும் சின்னப் பிள்ளைகளின் மூச்சை அடைக்கக்கூடியவை; எந்த ஜாதிப் பிள்ளைக்கும் கொடுக்கலாகாது. கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட்டு மேளத்தோடு வருகிற வாலிபரை வாசலிலேயே நிறுத்துங்கள். முகமூடியைக் கண்டு வீறிட்ட ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூங்கவைப்பது தாத்தாவின் வேலையன்று, உங்கள் வேலை.

இதுவரை சொன்னது சொந்த வீட்டுக்கு. சர்க்கார் அங்கன்வாடி நம்மவர் வீட்டை வாடகைக்கு எடுத்து நடக்குமிடத்தில் நியாயம் வேறு. அப்போது பிள்ளைகள் உட்காரும் அறை சர்க்காருடையது. வீட்டுக்காரர் குடில் தம் பகுதியில், தம் வாசலில் இருக்கட்டும். அந்த அறையில் ஏதாவது வைப்பதானால் பொங்கல், ரம்ஜான், தீபாவளி எல்லாவற்றுக்கும் ஒரே அளவாக வைப்பது ஊழியர் பொறுப்பு. 1905-ம் வருஷத்துச் சட்டத்தால் கோவிலையும் ராஜ்யத்தையும் பிரித்துவிட்ட பிரெஞ்சு தேசத்திலேயே, சர்க்கார் கட்டிடங்களில் குடில் வைக்கலாமா என்ற வழக்கு அவர்களுடைய உயர்ந்த நிர்வாக நீதிமன்றம்வரை போய், 2016-ம் வருஷம் நவம்பர் 9-ம் தேதி தீர்ப்பாயிற்று: தற்காலிகமாய், பண்டிகை வழக்கமாய் வைத்தால் ஆகும், மதத்தை முன்னிறுத்தும் நோக்கமிருந்தால் ஆகாது என்று. அவர்கள் சர்க்கார் கட்டிடத்துக்கு அவ்வளவு யோசித்தார்கள். நாம் வாடகை அறைக்கு இவ்வளவாவது யோசிக்கலாம்.

கடைசியாக, பணவிஷயம். மார்கழியில் வாடைக்காற்றினால் கடலில் தொழில் மந்தம், அளத்தில் உப்பில்லை. பிள்ளை பார்க்கும் பெண்ணுக்குக் கூலி பாக்கி நிற்பதும் அப்போதுதான். அவளைத் துணிப்பொம்மை தை, உயரத்தில் மேடை கட்டு, பழைய விளக்குமாலையை எறி என்று சொல்லிவிட்டு நாம் கைதட்டிக் கலைந்து போவது முறையன்று. ஆகையால் சபையோரின் முன் ஒரு தீர்மானம் வைக்கிறோம். சங்கத் திருநாள் வசூலில் வாசல் வளைவு விளக்குக்கென்று ஒதுக்குகிற தொகையில் பாதியை எடுத்து, துணி வாங்கி, நம் தையல் தெரிந்த பெண்களைக் கொண்டு பாலகன், மாதா, சூசையப்பர், ஓர் ஆடு, ஒரு மாடு அடங்கிய பொம்மைக் கட்டுகள் தைப்பித்து, கீழவைப்பாரிலும் சிப்பிகுளத்திலும் பிள்ளை பார்க்கும் வீடு ஒவ்வொன்றுக்கும் டிசம்பர் 15-ம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். அதோடு நல்ல மின்வேலைக்காரர் ஒருவர் அந்த வீடுகளுக்கு ஒருமுறை போய் விளக்குக் கம்பிகளைப் பார்த்துவர வேண்டும். பொம்மைக்கட்டு மூன்றிராஜாக்கள் திருநாளுக்குப்பின் அவ்வீட்டிலேயே இருக்கட்டும். ஆட்டையும் மாட்டையும் பிள்ளைகள் வருஷம் முழுதும் விளையாடுவார்கள். வளைவு விளக்குக் குறைவதில் வருத்தமுள்ள சகோதரர்கள் இப்போதே எழுந்து பேசலாம், நாம் உட்காருகிறோம்.